செயற்கைக் காலைக் கழற்றச் சொல்லாதீர்கள்: விமானப் பாதுகாப்புப் பணியகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை இயக்குநர்,
சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம்,
புது தில்லி.

நகல்: மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, விமான நிலையப் பிரிவு.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்திய விமான நிலையங்களில் ஒரு பயணியை எப்படிச் சோதிக்க வேண்டும், அவர் கையில் எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று விதி வகுப்பது உங்கள் பணியகம். அந்த விதியை எங்கள் உடம்பிலும் பையிலும் நடைமுறைப்படுத்துபவர்கள், பெரும்பாலான பெரிய நிலையங்களில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். மனக்குறை வந்தால் எதிரே நிற்கும் வீரரிடம்தான் சொல்கிறோம். அவர் "மேலிடத்து உத்தரவு" என்கிறார். அந்த மேலிடம் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சோதனையைக் குறையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. சோதனை ஏன் வேண்டும் என்று சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 33 பேர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்கென்று கொடுக்கப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு அது. பெட்டியைக் கொடுத்த ஆள் விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலின் மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் போனார்கள். அங்கேயும் அதே கதைதான். வான்கூவரில் ஒருவர் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் போய்விட்டார். டொரன்டோ விமான நிலையத்தில் அன்றைக்கு எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகி நின்றுவிட, மீதிப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் ஒரு மோப்பக் கருவியால் பார்த்து அனுப்பினார்கள். கனிஷ்கா துயரத்துக்குப் பிறகுதான், 1987 ஏப்ரல் 1 முதல், உங்கள் பணியகம் தனித் துறையாக ஆக்கப்பட்டது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த விமானத்தைக் கந்தஹாருக்குக் கடத்திப் போனார்கள். அதைத் தொடர்ந்து 2000-இல் தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களின் காவலை ஏற்கத் தொடங்கியது.

இந்த வரலாற்றை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. அதை நினைவூட்டக் காரணம் உண்டு. மீனம்பாக்கத்திலும் கனிஷ்காவிலும் கோட்டைவிட்ட இடம் ஒன்றே: ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் போனது. பயணியையும் பெட்டியையும் பொருத்திப் பார்க்கும் ஒழுங்கு, பழுதில்லாத இயந்திரம், களைப்பில்லாத கண் ஆகிய மூன்றும்தான் உயிரைக் காக்கின்றன. ஒரு கிழவியைப் பத்துப் பேர் முன்னால் கூனிக் குறுகி நிற்க வைப்பதால் எந்த விமானமும் கூடுதல் பத்திரமாக இறங்கியதில்லை. எங்கள் வருத்தம் முழுவதும் உயிரைக் காக்காத இந்த அவமதிப்பு பற்றியது.

முதலில் செயற்கைக் கால்.

நடிகையும் பரதநாட்டியக் கலைஞருமான சுதா சந்திரன் 1981-இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தொன்றால் ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறியவர். நாட்டுக்கே தெரிந்த முகம். அவர் 2021 அக்டோபரில் பிரதமருக்கு ஒரு காணொலி வெளியிட்டார். ஒவ்வொரு முறை விமான நிலையம் போகும்போதும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், வெடிபொருள் துகளைக் கண்டறியும் கருவியால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாலும் கேட்பதில்லை, இது மனிதத் தன்மையா என்று கேட்டார். தொழில் பாதுகாப்புப் படை உடனே வருத்தம் தெரிவித்தது. அசாதாரணச் சூழ்நிலையில் மட்டுமே செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும், அதுதான் நடைமுறை என்றும் விளக்கியது.

அந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்கு ஆறுதலைவிட அச்சம்தான் அதிகமாக வந்தது. நடைமுறை அப்படி இருந்தும், நாடறிந்த ஒருவருக்கே ஒவ்வொரு பயணத்திலும் இப்படி நடக்கிறதென்றால், திண்டுக்கல்லிலிருந்து வரும் பேர் தெரியாத ஒரு சர்க்கரை நோயாளி என்ன செய்வார்? யாருக்குக் காணொலி போடுவார்?

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளி என்பதால் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட ஜீஜா கோஷ் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி. ராமசுப்ரமணியன் அமர்வு சொன்னது இது: மனித கண்ணியத்தைக் காக்க, செயற்கை உறுப்போ காலிப்பர் என்ற கால் தாங்கியோ அணிந்த மாற்றுத்திறனாளிகளை விமான நிலையச் சோதனையில் அவற்றைக் கழற்றச் சொல்லக் கூடாது. சம்மதமில்லாமல் ஒரு மாற்றுத்திறனாளியைத் தூக்குவது மனிதத்தன்மையற்றது என்றும் சொன்னது. சிறப்புத் தேவை உள்ள பயணிகளைச் சோதிக்கும் முறை பற்றி உங்கள் பணியகமே 2014-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலிருந்து இருக்கிறது. இத்தனை இருந்தும், சக்கர நாற்காலியில் வந்தவரை எழுந்து நில் என்று வற்புறுத்தினார்கள் என்ற செய்தி ஆண்டுக்கு ஒன்றாவது வந்துகொண்டே இருக்கிறது.

காலைக் கழற்றுவது என்றால் என்னவென்று, அதைச் சொல்கிறவர்களுக்கு யாராவது காட்டியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. தொடை வரை பொருத்தியிருந்தால் உடையை அவிழ்க்காமல் கழற்ற முடியாது. கழற்றிய பிறகு அவர் ஒற்றைக் காலில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? வெட்டுப்பட்ட காலின் முனையை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்றுதான் அவர் இத்தனை ஆண்டுகளாக உடுத்தி வந்திருக்கிறார். திரும்பப் பொருத்தும்போது அவசரத்தில் உறை சற்று மடிந்தால் போதும், நடக்க நடக்க புண்ணாகிவிடும். சர்க்கரை நோயில் காலை இழந்தவருக்கு அந்தப் புண் சாதாரணமானதல்ல. துகள் கண்டறியும் கருவியோ பல நிலையங்களில் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னத் துண்டால் செயற்கைக் காலின் மேல் துடைத்து, கருவியில் வைத்தால் சில நொடிகளில் விடை கிடைத்துவிடும். கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் காலைக் கழற்றச் சொல்வதற்கு எந்தப் பாதுகாப்புக் காரணமும் இல்லை.

செயற்கைக் கால் வெளியே தெரியும். தெரியாத உலோகம் இன்னும் எத்தனையோ பேர் உடம்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட அம்மா இல்லாத தெரு அரிது. என் பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு. அறுவை செய்த மருத்துவரின் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து எப்போதும் கொண்டுபோவார். ஒரு விமான நிலையத்தில், உலோகத்தைக் கண்டறியும் வாயிற்சட்டம் ஒலி எழுப்பியதும், திரைக்குள் இருந்த பெண் காவலர் கடிதத்தை வாங்கிப் பார்க்கவேயில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டச் சொன்னார். திரை பாதி விலகியிருந்தது. பெரியம்மா தமிழில் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவர் இந்தியில் சொன்னது பெரியம்மாவுக்குப் புரியவில்லை. கடைசியில் காட்டினார். வெளியே வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு அதற்குப் பிறகு இரவு ரயிலில்தான் போகிறார். மூட்டு வலிக்கு விமானம்தான் சுகம் என்று தெரிந்தும், ரயில் படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறுகிறார். "அங்கே யாரும் என் புடவையைத் தூக்கச் சொல்ல மாட்டாங்க" என்பது அவர் ஒரு முறை என் அம்மாவிடம் சொன்ன காரணம்.

இப்படிப் பயணத்தையே விட்டுவிடுகிறவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார்கள். அவர்கள் புகார் எழுதுவதில்லை. எங்கே, யாருக்கு எழுதுவது என்று சோதனைப் பகுதியில் பார்வையில் படுகிறபடி ஒரு பலகைகூட இருப்பதில்லை.

பெண்கள் படும் பாட்டை இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். பெண்களைப் பெண் காவலர்தான், திரைக்குள் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது நல்ல விதி. அதை மாற்ற வேண்டாம். ஆனால் திரைக்குள் நடக்கும் சோதனைக்கு நேரம் கூடுதலாகும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். ஆண்களுக்கு இரண்டு மூன்று மேடைகள் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, பெண்களுக்கு ஒரே ஒரு தடுப்பறை, அதற்கு முன்னால் நீண்ட வரிசை என்பதே பல நிலையங்களில் காணும் காட்சி. அதைவிடக் கவலை, பை முன்னால் போய்விடுவது. நகையும் பணமும் செல்பேசியும் வைத்த கைப்பை எக்ஸ்ரேவைத் தாண்டி மறுபக்கம் திறந்த இடத்தில் கிடக்கும். அதன் சொந்தக்காரி தடுப்பறை வரிசையில் நின்றபடி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்களில் இது எவ்வளவு பதற்றம் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்வார்கள். மாதவிலக்கு நாளில் வைத்திருக்கும் நாப்கினைத் தொட்டு "என்ன இது" என்று கேட்கும்போது, அந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்கப் பயிற்சி கொடுக்க முடியாதா? கைக்குழந்தையோடு வரும் தாய் தள்ளுவண்டியை மடக்கி, குழந்தையை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் தட்டில் பொருட்களை அடுக்கும்போது, ஒரு கை கொடுக்கலாம் என்று எந்த விதியிலாவது எழுதினால்தான் நடக்குமா?

மொழிக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில், நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று விமான நிலையத்தில் கேட்டபோது, நீங்கள் இந்தியரா என்று படையைச் சேர்ந்த ஒருவர் திருப்பிக் கேட்டதாகப் பகிரங்கமாகத் தெரிவித்தார். எந்த மொழியையும் வற்புறுத்துவது எங்கள் கொள்கையல்ல என்று படை சொன்னது, விசாரணைக்கும் உத்தரவிட்டது. 2022 டிசம்பரில் நடிகர் சித்தார்த், மதுரை விமான நிலையத்தில் தம் வயதான பெற்றோர் நடத்தப்பட்ட விதம் பற்றி எழுதினார். 2023 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்கு இந்தி தெரியாததற்காக நேர்ந்த அவமதிப்பைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கண்டித்தார். ஒவ்வொரு முறையும் வருத்தமும் விசாரணையும் வருகின்றன. அடுத்த முறை வேறு ஊர், வேறு ஆள்.

இதை நான் மொழிப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சோதனையில் மொழி ஒரு பாதுகாப்புக் கருவி. "பெல்ட்டைக் கழற்றுங்கள், பையில் பவர் பேங்க் இருந்தால் வெளியே எடுங்கள்" என்பது பயணிக்குப் புரிந்தால் வரிசை நகரும். புரியாமல் விழித்தால் அதட்டல் வரும், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், பதற்றத்தில் மூதாட்டி கண்ணாடியையோ மாத்திரைப் பையையோ தட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். விமான நிலைய அறிவிப்புகளை முதலில் உள்ளூர் மொழியில் சொல்ல வேண்டும் என்று 2018 டிசம்பரிலேயே அரசு அறிவுறுத்தியது. ஒலிபெருக்கி தமிழ் பேச வேண்டும் என்றால், என் உடம்பைத் தொட்டுச் சோதிப்பவரும் பத்து வாக்கியம் தமிழ் பேசலாம். திருச்சியில் பணியமர்த்தப்படும் ஒருவர் "கையைத் தூக்குங்க", "திரும்புங்க", "பையில என்ன இருக்கு", "நன்றி, போகலாம்" என்று கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். தில்லியிலோ கோவாவிலோ தமிழ் எதிர்பார்க்க மாட்டோம். ஆனால் இந்தி தெரியாதவரும் இந்தக் குடியரசின் பயணிதான் என்ற நினைப்பை எதிர்பார்ப்போம்.

திருச்சி என்றதும் அங்கே வரிசையில் நிற்பவர்களைச் சொல்லாமல் விட முடியவில்லை. துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர் போகும் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் இளைஞர்கள். பலருக்கு அது வாழ்க்கையின் முதல் விமானம். கயிறு கட்டிய அட்டைப் பெட்டியில் மனைவி இடித்துக் கொடுத்த பொடியும் அம்மா போட்ட ஊறுகாயும் இருக்கும். 2024 ஜனவரியில் பிரதமர் திறந்து வைத்த புதிய முனையம் அங்கே கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அந்தப் பையனிடம் பேசும் தொனி கட்டடத்தோடு சேர்ந்து புதிதாகிவிடவில்லை. கோட்டுப் போட்டவருக்கு "சார்", லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டு வந்தவருக்கு "ஏய்". அவன் அனுப்பும் பணத்தில்தான் அந்த மாவட்டங்களில் பல வீடுகள் எழுந்திருக்கின்றன. பறிமுதல் ஆகும் ஊறுகாயைவிட, அவனுக்கு அந்த "ஏய்" ரொம்ப நாள் வலிக்கும்.

அடுத்து, பறிமுதல். இங்கே உங்கள் பணியகம் மிக எளிதாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: காரணத்தைச் சொல்லுங்கள்.

கொப்பரைத் தேங்காயை ஏன் கொண்டுபோகக் கூடாது என்று நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கோவிலில் கொடுத்த பிரசாதத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கண் கலங்குகிறார்கள். கொப்பரையில் எண்ணெய் மிகுதி, குவியலாக இருந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது, அதனால் சர்வதேச அபாயப் பொருள் பட்டியலிலேயே அது இருக்கிறது. இதை மூன்று வரியில், தமிழில், ஒரு படத்தோடு வாசலில் எழுதி வைத்தால் யார் மறுக்கப் போகிறார்கள்? தேங்காய் எண்ணெய் ஆட்டும் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே கண்டு அணைக்கலாம், சரக்கறையில் முடியாது. காரணம் தெரிந்தவர் வீட்டிலேயே சரியாக அடுக்கிக்கொண்டு வருவார். தெரியாதவர்தான் வாசலில் பெட்டியைப் பிரித்து, உள்ளாடைகள் வெளியே தெரிய, குனிந்து தேடிக்கொண்டிருப்பார்.

விதியை மனிதர்களுக்கு ஏற்ப வளைக்க உங்களால் முடியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியில் நெய்த் தேங்காய் வைத்துக் கைப்பையாகக் கொண்டுபோக, 2024 அக்டோபரில், அந்த மண்டல மகரவிளக்குக் காலம் முடியும் வரை அனுமதி கொடுத்தீர்கள். எக்ஸ்ரே, துகள் சோதனை, கைச்சோதனை மூன்றும் உண்டு என்ற நிபந்தனையோடு. சீக்கியர்கள் சமய வழக்கப்படி அணியும் கிர்பான் என்ற குறுவாளுக்கு, கத்தியின் நீளம் 15.24 சென்டிமீட்டர், மொத்தம் 22.86 சென்டிமீட்டர் என்று துல்லியமாக அளவு வைத்து உள்நாட்டு விமானங்களில் அனுமதித்திருக்கிறீர்கள். அந்த அளவு அச்சில் இருப்பதால் அங்கே வாக்குவாதத்துக்கு இடம் குறைவு. 2017-இல் கைப்பைச் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கத்தை முதலில் ஏழு நிலையங்களிலும் பிறகு மற்றவற்றிலும் கைவிட்டீர்கள். முத்திரை விழாத சீட்டுக்காக விமானத்தின் வாசலிலிருந்து திரும்ப ஓடிய காலத்தை நாங்கள் மறக்கவில்லை. அது போனதால் விமானம் ஆபத்துக்கு உள்ளாகவில்லை. அப்படியே ஒவ்வொரு பழைய வழக்கத்தையும் எடுத்து, இது இன்னும் எதைத் தடுக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

உலகம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்தோடு விமானம் ஏறியதன் விளைவாக அமெரிக்காவில் எல்லோரும் காலணி கழற்றினார்கள். 2025 ஜூலையில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதால் வந்தது, கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கு 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு. புதிய முப்பரிமாண ஸ்கேனர்கள் வைத்த எடின்பரோ போன்ற நிலையங்களில் இப்போது இரண்டு லிட்டர் வரை விடுகிறார்கள். இயந்திரம் மேம்பட்டதும் மனிதனுக்குத் தொல்லை குறைந்தது. நம் நாட்டில் 84 விமான நிலையங்களில் உடல் ஸ்கேனர் வைக்க வேண்டும் என்று உங்கள் பணியகம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஓராண்டு கெடு. உடம்பின் உண்மைப் படத்தைக் காட்டாமல் ஒரு பொம்மை உருவத்தில் மட்டும் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும், படத்தைச் சேமிக்கக் கூடாது என்றெல்லாம் நல்ல நிபந்தனைகள் அதில் இருந்தன. கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஸ்கேனர் வந்திருந்தால் என் பெரியம்மா புடவையைத் தூக்க வேண்டியிருந்திருக்காது. வாங்கும்போது புடவை கட்டியவர்கள், வேட்டி கட்டியவர்கள், சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர்கள் எல்லோரையும் வைத்துச் சோதித்துப் பார்த்து வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

பணமில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பயணி ஒவ்வொருவரும் விமானம் ஏறும் ஒவ்வொரு முறையும் 200 ரூபாய் விமானப் பாதுகாப்புக் கட்டணம் செலுத்துகிறார். வெளிநாடு போகிறவருக்கு 12 டாலர். நான்கு பேர் கொண்ட குடும்பம் சென்னையிலிருந்து தில்லிக்குப் போய்த் திரும்பினால் 1,600 ரூபாய். டிக்கெட்டுக்குள் ஒளிந்திருப்பதால் பலருக்கு இது தெரிவதேயில்லை. எங்களைச் சோதிப்பதற்கு நாங்களே காசு கொடுக்கிறோம். அதை மனமுவந்து கொடுக்கிறோம். அந்தக் காசில் கூடுதலாக ஒரு பெண்கள் தடுப்பறையும், உட்கார்ந்து காலணி மாட்ட ஒரு நாற்காலியும் கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

வீரர்களைப் பற்றியும் எழுதாமல் இந்த மடல் முழுமையாகாது. வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி, மொழி தெரியாத ஊரில், நாள் முழுக்க நின்றபடி ஆயிரக்கணக்கான உடம்புகளைத் தடவிப் பார்ப்பது யாருக்கும் எளிதான வேலை அல்ல. தவறவிட்டால் அவர் தலை போகும், கடுமையாக நடந்துகொண்டால் பயணி திட்டுவார். எக்ஸ்ரே திரையை ஒருவர் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க வேண்டாம் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது, கண் சோர்ந்துவிடும் என்பதால். 2015-இல் அமெரிக்காவில் அதிகாரிகளே மாறுவேடத்தில் போய்ச் சோதித்தபோது 70 முறையில் 67 முறை ஆயுதமும் போலி வெடிகுண்டும் தப்பிப் போயின. மனிதக் கண்ணின் எல்லை அது. எங்கள் வீரர்களுக்கு ஓய்வும், போதிய ஆட்களும், அமர இடமும் கொடுங்கள். களைத்துப்போனவரிடம் கனிவையும் எதிர்பார்க்க முடியாது, கூர்மையையும் எதிர்பார்க்க முடியாது. பல நிலையங்களில் அவர்களில் எத்தனையோ பேர், முதியவரின் கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் அமர்த்தியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நன்றி. அந்தக் கனிவு ஒரு வீரரின் சொந்தக் குணமாக இருந்தால் போதாது, படையின் பயிற்சியாக வேண்டும் என்பதுதான் நாங்கள் கேட்பது.

மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். 2025 மே மாதம் எல்லைப் பதற்றத்தின்போது, விமானத்தில் ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் இரண்டாம் முறை சோதனை என்றும், மூன்று மணி நேரம் முன்னதாக வாருங்கள் என்றும் சொன்னீர்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் வந்தார்கள், நின்றார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது என்ற உச்சநீதிமன்றத்தின் சொல்லை, வழக்கு விவரத்தோடு, ஒவ்வொரு சோதனை மேடையிலும் பயணிக்கும் காவலருக்கும் ஒருசேரத் தெரியும்படி ஒட்டுங்கள். தமிழ்நாட்டு நிலையங்களில் தமிழில் ஒட்டுங்கள். அசாதாரணச் சூழ்நிலை என்று ஒருவரைக் கழற்றச் சொன்னால், யார், ஏன் சொன்னார் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். அந்தப் பதிவின் நகலைப் பயணி கேட்டால் கொடுங்கள். மூட்டு மாற்று, இதய முடுக்கி போன்றவை உள்ளவர்களுக்கு நாடு முழுதும் செல்லும் ஒரே மாதிரியான மருத்துவச் சான்றுப் படிவத்தை வெளியிடுங்கள். சோதனை குறையத் தேவையில்லை, அந்தச் சான்றை வாங்கிப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் போதும். தடை செய்த பொருள்களின் பட்டியலைக் காரணத்தோடு தமிழில் உங்கள் இணையதளத்திலும் முனைய வாசலிலும் வையுங்கள். புகார் எண்ணைச் சோதனை முடிந்து பை எடுக்கும் இடத்தில், பெரிய எழுத்தில் வையுங்கள். வரும் புகார்களில் எத்தனை, எந்த நிலையத்தில், என்ன முடிவு என்று ஆண்டுக்கொரு முறை வெளியிடுங்கள்.

பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். பொங்கல் முடிந்ததும் பெற்றோர் பலர் அவர்களோடு புறப்படுவார்கள். சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி வரிசைகள் அப்போது நீளும். அதற்கு முன்பாக, செயற்கை உறுப்பு பற்றிய அறிவிப்பு ஒன்றையாவது இந்த ஐந்து நிலையங்களிலும் ஒட்ட உங்கள் சென்னை மண்டல அலுவலகத்துக்கு உத்தரவிட்டு, அந்த உத்தரவைப் பொதுவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு விமானப் பயணி